எட்டுக் குழாயும் ஒரு மீசையும்

எங்கள் தெருவில் அவளுக்குத் ‘தொடாதே’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை அவள் ஆபீஸ்காரர்களைத் தவிர யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காய்கறிக் கடைக்காரர்கூட, “தொடாதே பாப்பா வேலைக்குப் போயாச்சா?” என்றுதான் விசாரிப்பார். பாப்பாவுக்கு முப்பத்தாறு வயது.

என் வீட்டுக்காரருடைய தங்கை மகள் அவள். கல்லூரியில் சேர எங்கள் வீட்டு மாடியறைக்கு வந்தாள். அந்தப் படிப்பு முடிந்தது, அதற்கு மேல் ஒன்று முடிந்தது, அதற்கும் மேல் ஒன்று முடிந்து டாக்டர் பட்டமும் வாங்கினாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்துப் படித்து ஆன டாக்டர். பிறகு இதே ஊரில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மாடியறையை விட்டு இன்றுவரை இறங்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பெறாவிட்டால் என்ன, அவள்தான் என் பிள்ளை. இதை அவளிடம் நான் சொன்னதில்லை, சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். அவள் வேலை செய்வது ஆர்.என்.ஏ. என்கிற சாமானோடு. நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மூலப் பிரதி ஒன்று பூட்டி வைத்திருக்கிறதாம். அதை வெளியே எடுக்க மாட்டார்களாம். அன்றாடம் என்ன செய்ய வேண்டுமோ அந்த வரியை மட்டும் நகலெடுத்து அனுப்புவார்களாம். அந்த நகல்தான் ஆர்.என்.ஏ. அது படு சவலை. மனுஷன் விரல் பட்டால் போதும், தோலில் இருக்கிற ஏதோ ஒன்று அதை நொடியில் தின்று தீர்த்துவிடும். அதனால் அங்கே எல்லாரும் கையுறை போட்டு, ஐஸில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்கள்.

அங்கே செய்தால் சரி. இவள் அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உப்பு டப்பாவை எடுத்தால் “தொடாதே!” சார்ஜரை நகர்த்தினால் “தொடாதே!” அவள் துவைத்து மடித்த துண்டைத் தாண்டிப் போனாலே “தொடாதே!” ஒருமுறை கல்யாணம் பேச ஒரு பையன் வந்தான். நல்ல பையன், வங்கியில் வேலை. சிரித்துக்கொண்டே கை நீட்டினான். இவள் அந்தக் கையையே பார்த்துவிட்டு, “உங்க விரல்ல என்னவெல்லாம் இருக்குன்னு தெரிஞ்சா நீங்களே அதை நீட்ட மாட்டீங்க” என்றாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவன்தான். எனக்கு வந்த கோபத்தில் அந்த மிச்சக் காபியையும் நானே குடித்தேன்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வீட்டின் கீழ்ப்பகுதியில் பெண்களுக்கான முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். மூன்று நாற்காலி, தலை அலசும் தொட்டி ஒன்று, சத்தம் போடுகிற டிரையர் இரண்டு. என் வீட்டுக்காரர் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே என் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களிடம் “என்ன வேணும்?” என்று கேட்டு, உள்ளே குரல் கொடுப்பார்: “வெட்டறது ஒண்ணு! சாயம் ஒண்ணு!” பிடித்தவர்களை முதலில் அனுப்புவார். பிடிக்காதவர்கள் என்றால் காதில் விழாத மாதிரி இருப்பார். தையல்காரம்மா ஒருத்தி அரை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறாள், அவள் வந்த சேதியே எனக்கு வரவில்லை.

மனுஷனுக்கு மீசை என்றால் உயிர். இரண்டு பக்கமும் முறுக்கி, நுனி மேலே பார்க்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கடைச் சாயத்தில்தான் அதற்குக் கறுப்பு ஏறும். பேசும்போது ஒரு தடவை, யோசிக்கும்போது இரண்டு தடவை, பொய் சொல்லும்போது விடாமல் அதைத் தடவிக்கொண்டிருப்பார்.

அவருக்குத்தான் அந்த வியாதி வந்தது. முதலில் சோர்வு என்றார், பிறகு ஈறில் ரத்தம், பிறகு எதிலும் இடித்துக்கொள்ளாமலே கையெல்லாம் நீலம் நீலமாக. இழுத்துக்கொண்டு போய் ரத்தம் பார்த்தோம். ரத்தப் புற்றுநோய், அதிலும் வேகமாக ஓடுகிற ரகம் என்றார் டாக்டர். “வார்டுல திங்கக்கிழமை படுக்கை காலியாகுது. அன்னிக்கே சேத்துடுங்க. தள்ளிப் போடாதீங்கம்மா” என்று என்னிடம் அழுத்திச் சொன்னார். இந்த மனுஷனோ நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவுகிறார்.

“அதெல்லாம் வேணாம் டாக்டர். என் மருமக இந்த வியாதிக்குத்தான் மருந்து கண்டுபிடிக்கிறா. வீட்டிலேயே இருக்கா, மாடியில.”

இத்தனை வருஷமாகத் தெரு முழுக்க அப்படித்தான் அளந்துகொண்டிருந்தார். பீற்றிக்கொள்வதற்கு அளந்த கதையை மனுஷன் தானே நம்பியும் வைத்திருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வெளியே ‘மூடியிருக்கிறது’ பலகையைத் திருப்பினேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் படித்தவள், இரண்டாம் தடவையும் படித்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“மாமா, திங்கக்கிழமை சேந்துடுங்க” என்றாள்.

“நீ செய்யற மருந்தை எடுத்துட்டு வா, இங்கேயே குடிச்சுக்கறேன்.”

“நான் மருந்து செய்யல மாமா. ஒரு புரோட்டீன் என்ன பண்ணுதுன்னு பாக்கறேன், அவ்வளவுதான்.”

“அது என்னதான் பண்ணுது? இத்தனை வருஷமா பாக்கறியே!”

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். வாசலில் இருந்த ஸ்டூலைக் காட்டினாள். “நீங்க அங்க உக்காந்து என்ன பண்றீங்களோ அதைத்தான் பண்ணுது. உள்ள வர்ற சேதியை எல்லாம் பிடிச்சு நிறுத்தும். இது இப்பவே போகட்டும், இது அப்புறம், இது வேணவே வேணாம், கிழிச்சுப் போடுன்னு அது முடிவு பண்ணும். எலும்புக்குள்ள ரத்த செல்லு எல்லாம் குழந்தையா பொறக்குது. வளந்து பெரிசாகித்தான் கிருமியோட சண்டை போடப் போகும். எந்த வயசுல எந்தச் சேதியைப் படிக்கணும்னு இந்தப் புரோட்டீன் பாத்துக்கும்.”

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப நான்தான் அந்தப் புரோட்டீனா?”

“ஆமா மாமா.”

“கேட்டியாடி?” என்று என்னைப் பார்த்தார். சாகக் கிடக்கிற நேரத்திலும் ஒரு பெருமை.

“அந்த வாசல்ல உக்காந்திருக்கறவருக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னா?” என்று நான் கேட்டேன். “இங்க தினமும் நடக்கறதுதான்.”

“அப்பதான் அத்தை இந்த வியாதி. சில பேருக்கு அது அளவுக்கு மேல சேந்துடும். வளரணும்கிற சேதியை உள்ளயே விடாது. இன்னும் பெத்துக்கோ, இன்னும் பெத்துக்கோங்கிற சேதியை மட்டும் அனுப்பிட்டே இருக்கும். செல்லு எல்லாம் குழந்தையாவே நின்னுடும், சண்டைக்குப் போகத் தெரியாது. ஆனா வீடு முழுக்க நெரிசல், நல்ல செல்லுக்கு உக்கார இடமில்ல.”

“சரி, அந்த வாசக்காரனைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளு, முடிஞ்சுது!” என்றார் இவர்.

“தள்ளினா நல்ல செல்லும் வளராது மாமா, அதுக்கும் அவர்தான் வேணும். எவ்வளவு தள்ளலாம், எப்பத் தள்ளலாம்னு எலியில பாத்துட்டிருக்கேன். மனுஷனுக்கு வர இன்னும் ரொம்ப நாள் ஆகும். வராமலும் போகலாம்.”

“எலிக்குக் கொடுக்கறதை எனக்குக் கொடு. நான் எலி மாதிரியே இருந்துக்கறேன்.”

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினேன். மசிகிற ஜென்மமா? “மருந்து இருக்கு. பெரிய டாக்டரம்மாவுக்குப் பயந்துட்டு வெளிய சொல்ல மாட்டேங்கறா. நான் நேர்ல போய்ப் பாக்கறேன். கண்ணால பாத்துட்டு அப்புறம் முடிவு சொல்றேன்” என்று நின்றார். எனக்குத் தெரியும், அவருக்கு ஆஸ்பத்திரி என்றால் கதி கலங்கும். அவர் அண்ணன் ஒரு வார்டுக்குள் நடந்து போனவர், நடந்து வெளியே வரவில்லை. அதைச் சொல்லாமல் மருந்து மருந்து என்று சாக்குச் சொல்கிறார்.

வேறு வழியில்லாமல் அவள் தன் மேலதிகாரியிடம் அனுமதி கேட்டாள். அந்தப் பெரிய டாக்டரம்மா நல்ல மனசுக்காரி. “சனிக்கிழமை கூட்டிட்டு வா. எதையும் தொட வேணாம்னு மட்டும் சொல்லிடு” என்றாராம். யாரிடம் யார் சொல்கிறார்கள்! கிளம்புகிற அன்றைக்குக் காலையில் இவர் மீசைக்கு இன்னொரு பூச்சுக் கறுப்பு ஏற்றிக்கொண்டார்.

ஆராய்ச்சிக்கூடம் என்றால் புகை கக்குகிற கண்ணாடிக் குடுவைகள் இருக்கும் என்று இவர் எதிர்பார்த்திருக்கிறார். இருந்ததெல்லாம் நீள மேஜைகள், ஃபிரிட்ஜ்கள், ஒட்டுத்தாள் ஒட்டிய டப்பாக்கள். எல்லாவற்றின் மேலும் இவள் கையெழுத்தில் ‘தொடாதே’. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் வெள்ளை அங்கி கொடுத்தாள், கையுறை மாட்டிவிட்டாள். இவர் கையுறையைப் பிடித்து இழுத்து ‘டப்’ என்று விட்டு, “பாத்தியா, டாக்டர் மாதிரி இல்ல?” என்றார்.

அவள் மேஜையில் ஒரு ஐஸ் பெட்டி. அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வாயுள்ள எட்டுக் குழாய்கள். எலிக்குட்டிகளின் எலும்புக்குள்ளிருந்து, குழந்தைச் செல்லிலிருந்து வளர்ந்த செல் வரை, ஒவ்வொரு வயதுச் செல்லாகப் பொறுக்கி எடுத்து, அதிலிருந்து பிரித்த ஆர்.என்.ஏ. அதற்கு அவளுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது. “இதுல என்ன இருக்குன்னு பாத்தாத்தான் வாசல்ல எந்த வயசுல எந்தச் சேதி நிக்குதுன்னு தெரியும். இது எல்லாத்துக்கும் மேல மாமா” என்றாள். குழாய்களுக்குள் நான் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கழுவிய ஸ்பிரிட் காயட்டும் என்று மூடிகளைத் திறந்து வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, கோடியில் இருந்த பெரிய ஃபிரீசர் ‘கீய் கீய்’ என்று அலற ஆரம்பித்தது. “இங்கயே நில்லுங்க. எதையும் தொடாதீங்க” என்று ஓடினாள். எனக்கு எதிர்ச் சுவரில் எலிகளின் படம் ஒன்று, குடும்ப ஃபோட்டோ மாதிரி வரிசையாக. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

திரும்பினால், இவர் கடைசிக் குழாயின் மூடியை விரலால் அமுக்கி மூடிக்கொண்டிருக்கிறார்.

“என்ன பண்றீங்க?”

“திறந்து கிடந்துது. தூசி விழாதா? பாவம், அவசரத்துல மறந்துட்டுப் போயிட்டா. கையுறை போட்டிருக்கேன், பயப்படாதே.”

கையுறை போட்டிருந்தார், உண்மைதான். அந்தக் கையுறையோடு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து எத்தனை தடவை மீசையைத் தடவினார் என்பதுதான் கணக்கு. விரல் நுனி இரண்டும் கறுப்பு. வெள்ளைக் குழாய்களின் மூடிக்குள்ளே, வரிசையாக எட்டிலும், கறுப்பு. என் கடைச் சாயம், எனக்கா அடையாளம் தெரியாது?

அவள் திரும்பி வந்தாள். குழாய்களைப் பார்த்தாள். அவர் விரலைப் பார்த்தாள். அப்புறம் மீசையைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உப்பு டப்பாவுக்கே கூரை இடிந்து விழுகிற மாதிரி கத்துகிறவள். இன்றைக்குக் கட்டடம் நிற்காது என்று நினைத்தேன்.

“பரவால்ல மாமா” என்றாள்.

நான் கண்ணைத் திறந்தேன்.

“பரவால்ல, தெரியாமத்தானே பண்ணீங்க. உக்காருங்க. தண்ணி வேணுமா?”

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதிலிருந்து துளி எடுத்து ஒரு இயந்திரத்தில் வைத்தாள். நல்ல ஆர்.என்.ஏ. என்றால் திரையில் இரண்டு மலை உயரமாக எழும்ப வேண்டுமாம். எங்களுக்கு வந்ததோ தரையோடு தரையாக ஒரு மேடு, எட்டுக்கும் அதே மேடு. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, “மறுபடி பண்ணிக்கலாம் மாமா” என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். அந்தப் பாவிப் பெண் சிரித்த சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பேருந்தில் வீடு திரும்பினோம். முப்பது வருஷம் பேருந்தில் பேசியே பிழைத்த மனுஷன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில்தான் கேட்டார்.

“எனக்கு அவ்வளவு பெரிசாவா வந்திருக்கு?”

“யார் சொன்னது?”

“அவ என்னைத் திட்டலையேடி.”

“திங்கக்கிழமை போயிடலாம்” என்றேன்.

“போயிடலாம்” என்றார்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. அவரே வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். ‘பெண்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிற கடையில் முதல் ஆண் வாடிக்கை. “ஆஸ்பத்திரி மருந்துல எப்படியும் கொட்டிடும்னாங்க. அது எடுக்கறதுக்கு முன்னாடி நீயே எடுத்துடு” என்றார். தலையை மழித்தேன். மீசைக்கு வந்ததும் கை நடுங்கியது. “கையை ஆட்டாதடி, உதட்டை எடுத்துடப் போற!” என்று அதட்டினார். மீசை போனதும் கண்ணாடியில் பார்த்து, “யாரு இந்த ஆளு, என் பொண்டாட்டி கடையில வந்து உக்காந்திருக்கான்?” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவள் பெருக்குமாற்றால் முடியைக் கூட்டினாள், மூலையில் திரும்பி நின்றுகொண்டு ரொம்ப நேரம் கூட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ஏறக்குறைய ஒரு மாசம். அந்த மருந்து கெட்ட செல்லோடு நல்ல செல்லையும் சேர்த்து அடித்துவிடும். புதுசு முளைத்து வளரும்வரை உடம்பில் காவலுக்கு ஆளில்லை. தும்மல் பட்டாலே ஆபத்து. அதனால் தனியறை. அந்த அறை வாசலில் இப்போது இவள் உட்கார்ந்தாள், ஸ்டூல் போட்டு. யார் உள்ளே, யார் அப்புறம், யார் வரவே வேண்டாம் என்று இவள்தான் முடிவு. அவருடைய பழைய டிரைவர் நண்பர் பழக்கூடையோடு வந்தார், கூடையோடு திரும்பினார். என் சொந்தத் தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். “சின்னத்தை, அப்படியே திரும்பி நடங்க! கதவைத் தொடாதீங்க!” என்று ஒரு கத்தல். தங்கை இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஊர் முழுக்கக் கத்தினாள். உள்ளே போனால் மட்டும் பூ மாதிரி. கஞ்சி சரியில்லை என்று இவர் தள்ளிய தள்ளலில் அது அவள் லேப்டாப் மேல் கொட்டியது. “பரவால்ல மாமா.” தூக்கம் வரவில்லை என்று அவள் போர்வையைப் பிடுங்கினார். “பரவால்ல மாமா, வச்சுக்கோங்க.” அவள் வெளியே போனதும் என்னைக் கூப்பிடுவார். “இன்னிக்கு ரொம்ப மோசமா?”

“இல்லையே, ரத்த செல்லு கவுண்ட்டு ஏறுதுன்னு நர்சு சொன்னாங்களே.”

“அப்புறம் ஏன் இவ்வளவு அன்பா பேசறா?”

காய்ச்சல் பார்க்கிற கருவி எதையும் அவர் நம்பவில்லை. அவள் குரலை வைத்துத்தான் தன் உடம்பை அளந்துகொண்டிருந்தார்.

மாசக் கடைசியில் எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். கெட்ட செல் கண்ணுக்குப் படவில்லை, நல்லது முளைத்து வளர ஆரம்பித்துவிட்டது, ஆனால் ஒளிந்துகொண்டிருக்கலாம், இன்னும் சில சுற்று ஊசி கட்டாயம் போட வேண்டும், விட்டால் திரும்பி வந்துவிடும் என்றார். நான் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மருமகள் அந்தக் கையையே பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த மனுஷன் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தார். வாசல் ஸ்டூல் காலியாகவே கிடந்தது. தையல்காரம்மா தடையில்லாமல் வந்து முடி வெட்டிக்கொண்டு போனாள். போகும்போது, “அவரு இல்லாம நல்லாவே இல்லம்மா” என்றாள்.

அடுத்த சுற்று ஊசிக்குத் தேதி வந்தது. “வேணாம்” என்றார்.

“ஏன்? டாக்டர்தான் சொன்னாரே, சுத்தமாயிடுச்சுன்னு!”

“டாக்டருங்க அப்படித்தான் சொல்வாங்க. உண்மை தெரிஞ்சவ மாடியில இருக்கா. நேத்து அவ மூக்குக்கண்ணாடியை மிதிச்சு உடைச்சேன். என்ன சொன்னா தெரியுமா?”

“என்ன சொன்னா?”

“பரவால்லன்னா. போற காலத்துல எதுக்குடி ஊசி? என்னை விட்டுடு.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளிடம் போனேன். “ஒரு தடவை அந்த மனுஷனைத் திட்டித் தொலையேன்டி!” என்றேன்.

“முடியல அத்தை. வாயைத் திறந்தா அழுகைதான் வருது” என்றாள். “அதோட, மாமாவுக்கு நான் செய்ய முடிஞ்சது ஒண்ணும் இல்ல. இத்தனை வருஷம் இதையே படிச்சேன். அவருக்கு வந்தப்ப ஒரு துளி மருந்துகூட என்கிட்ட இல்ல. கோவப்படாம இருக்கவாவது செய்யலாம்ல?” நான் அவள் தலையைத் தடவினேன். தொடாதே என்று அதற்கும் சொல்லவில்லை.

அவர் ஒன்று மட்டும் கேட்டார். அந்த ஆராய்ச்சிக்கூடத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். பெரிய டாக்டரம்மா மறுபடி சரி என்றார். முகக்கவசம், அங்கி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு போனோம். மீசை போன இடத்தில் கவசத்துக்குள் வெள்ளையாக இரண்டு மயிர் முளைத்திருந்தது.

அதே மேஜை, அதே ஐஸ் பெட்டி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், வீட்டுக்கு வந்த பிறகும், ஒரு தடவை செய்து வழி தெரிந்திருந்ததால், பெரிய டாக்டரம்மா துணைக்கு ஆள் கொடுத்ததில், ராத்திரிகளில் அவள் எல்லாவற்றையும் மறுபடி பண்ணியிருந்தாள். மறுபடி எட்டுக் குழாய், மூடி திறந்து, காய்ந்துகொண்டு. இவர் பக்கத்தில் நின்று பார்த்தார். நல்ல பிள்ளையாக இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

“இதுலதான் இருக்கா, அந்த வாசக்காரன் பிடிச்சு நிறுத்தின சேதியெல்லாம்?”

“ஆமா மாமா. இந்தக் கடைசிக் குழாய்ல இருக்கறது நல்லா வளந்த செல்லோடது.”

“எனக்குள்ளயும் இப்ப அப்படி வளந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு” என்றார், யாரோ ஒருத்தரைப் பற்றிச் சொல்வது போல. வலது கை முன்னால் வந்தது. பழக்க தோஷம், கவசத்துக்கு மேலே, மீசை இருந்த இடத்தில் ஒரு தடவு. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்த விரல் அங்கிருந்து நேராகக் கடைசிக் குழாயைக் காட்டப் போகிறது. காட்டினால் போதாதா? மனுஷன் விரல் எதையும் தொட்டுத்தான் காட்டும்.

“யோவ் மாமா! தொடாதே!”

எங்கேயோ ஒரு டப்பா கீழே விழுந்து உருண்டது. வரிசை மேஜைகளில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. பெரிய டாக்டரம்மா அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இவர் விரல் அந்தரத்தில் நின்றது.

“கையை எடுங்க முதல்ல! எடுங்க! எத்தனை தடவை சொல்றது? ஒரு வருஷ வேலையை மீசைச் சாயத்துல முக்கி எடுத்தீங்க, வாயை மூடிட்டிருந்தேன். கஞ்சியைக் கொட்டினீங்க, இருந்தேன். கண்ணாடியை உடைச்சீங்க, ஒரு வாரமா பழைய கண்ணாடியில கண்ணு தெரியாம அலையறேன்! உங்களைத் திட்டாம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா? இதையும் கெடுத்தீங்க, அப்புறம் மாமான்னுகூடப் பாக்க மாட்டேன்!”

மூச்சு வாங்க நின்றாள். கன்னமெல்லாம் தண்ணீர்.

இவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தார். குரல் கரகரத்தது. “அப்ப நான் பொழச்சுட்டேனாம்மா?”

“பொழைக்காம? மிச்ச ஊசியையும் ஒழுங்கா போட்டுக்கிட்டா பொழைப்பீங்க! நீங்க பாட்டுக்குச் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டா அத்தைக்கு யாரு இருக்கா? எனக்கு யாரு இருக்கா? கையை இறக்காதீங்க! அப்படியே வெளிய நடங்க! அத்தை, இவரைக் கூட்டிட்டுப் போங்க முதல்ல!”

அவ்வளவு பேருக்கு முன்னால் என் புருஷனை அப்படித் திட்டினாள், எனக்குக் காது குளிர்ந்துபோயிற்று. இன்னும் நாலு வார்த்தை திட்ட மாட்டாளா என்று இருந்தது.

கையைத் தூக்கியபடியே நடந்தார். கவசம் நனைந்து முகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றேதான் விரலை நீட்டினேன் என்று இன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் நம்பவில்லை. அன்றைக்கு லிஃப்டுக்குள் வந்ததும், “ஊசிக்கு என்னிக்குப் போகணும்?” என்று என்னைக் கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன். “காலையிலேயே போயிடலாம், கூட்டம் வந்துடும்” என்றார்.

கீழே வாசலில் காவலாளி எங்கள் அட்டைகளைத் திரும்ப வாங்கினார். “உள்ள யாரோ கத்தினாங்களே, ஏதும் பிரச்சினையா சார்?” என்று கேட்டார்.

“என் மருமக” என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “என்னைத் திட்டிட்டா!”